பெனிசிலினுக்குக் காற்று கொடுக்கும் செலவு

1944 மார்ச்சில் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ஃபைசர் நிறுவனம் ஒரு பெனிசிலின் ஆலையைத் திறந்தது. ஒவ்வொன்றும் 7,500 காலன், அதாவது ஏறக்குறைய 28,000 லிட்டர் கொள்ளும் 14 தொட்டிகள் அங்கே இருந்தன. அதுவரை குப்பிகளிலும் தட்டுகளிலும் ஆடை போல மேலாகப் படரவிட்டு, சிறுகச் சிறுக எடுத்துக்கொண்டிருந்த மருந்தை ஆழமான தொட்டிகளில் டன் கணக்கான திரவத்துக்குள் வளர்த்தெடுக்க முடியும் என்று அந்த ஆலை காட்டியது. ஃபிளெமிங்கின் பூஞ்சைத் தட்டு பற்றிப் பள்ளிப் புத்தகத்திலேயே படித்துவிடுகிறோம். புரூக்ளின் ஆலை இருந்த கட்டடம் எது என்பதை அவ்வளவாக யாரும் சொல்வதில்லை. அது ஒரு பழைய ஐஸ் தொழிற்சாலை. மருந்து செய்ய வந்தவர்களுக்கு ஐஸ் தொழிற்சாலை பொருத்தமாக இருந்ததில் வியப்பில்லை. பூஞ்சைக்குச் சர்க்கரை கொடுப்பது எளிது. அதற்கு ஓயாமல் காற்று கொடுப்பதும், அதன் உடம்புச் சூட்டை ஓயாமல் இறக்குவதும்தான் பாடு.

இந்த எளிய உண்மை நம் மருந்துக் கொள்கை விவாதத்தில் இன்றும் இடம்பெறவில்லை என்பதே என் குறை. 1954-இல் புணே அருகே பிம்ப்ரியில் இந்துஸ்தான் ஆன்டிபயாட்டிக்ஸ் தொடங்கப்பட்டபோது இந்தியா பெனிசிலின் தயாரிக்கும் நாடுகளின் வரிசையில் சேர்ந்தது. பின்னாளில் தனியாரும் இறங்கினார்கள். நம் கடலூர் சிப்காட்டிலும் பெனிசிலின்-ஜி தயாரானது. சீனச் சரக்கு மலிவாக வந்து இறங்க, ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கதவடைத்தன. கொரோனா வந்த 2020-இல்தான் விழித்துக்கொண்டு, மொத்த மருந்து மூலப்பொருள்களுக்கென 6,940 கோடி ரூபாயில் உற்பத்தி சார்ந்த ஊக்கத்தொகைத் திட்டத்தை மத்திய அரசு அறிவித்தது. நொதித்தல் வழியாகத் தயாராகும் பொருள்களுக்கு முதல் நான்கு ஆண்டுகள் விற்பனையில் 20 சதவீதம், ஐந்தாம் ஆண்டு 15 சதவீதம், ஆறாம் ஆண்டான 2028-29-இல் 5 சதவீதம் ஊக்கத்தொகை. 2024 அக்டோபரில் காக்கிநாடாவிலும் இமாசலத்தின் நாலாகட்டிலும் புதிய ஆலைகளைப் பிரதமர் தொடங்கிவைத்தார். நல்ல செய்திதான். ஆனால் ஊக்கத்தொகைக்கு முடிவுத் தேதி உண்டு, மின்கட்டணத்துக்குக் கிடையாது. ஆலை நிலைக்குமா என்பது அந்தத் தேதிக்கு மறுநாள் ஒரு கிலோ மருந்துக்கு எத்தனை யூனிட் மின்சாரம் ஆகிறது என்பதைப் பொறுத்தது. அந்த யூனிட்டில் பெரும்பங்கு காற்றைப் பதப்படுத்துவதற்கும் சூட்டை இறக்குவதற்கும் போகிறது. தொட்டிக்குக் கொடுக்கும் கவனத்தில் பாதியைக் கூட நாம் காற்றுக்குக் கொடுப்பதில்லை.

இட்லி மாவு புளிப்பதும் நொதித்தல்தான். ஆனால் மாவுக்கு யாரும் காற்று ஊதுவதில்லை. பெனிசிலின் பூஞ்சை அப்படிப்பட்ட உயிரி இல்லை, மூச்சு விட்டே ஆக வேண்டும். சிக்கல் என்னவென்றால் ஆக்சிஜன் தண்ணீரில் கரைவது மிகக் குறைவு. ஒரு லிட்டரில் ஏறக்குறைய 8 மில்லிகிராம், அவ்வளவே. தொட்டி முழுக்க அடர்ந்து வளர்ந்த பூஞ்சை இந்தக் கையிருப்பை அரை நிமிடத்துக்குள் தீர்த்துவிடும். அதனால் நிமிடத்துக்கு ஒரு தொட்டி அளவு காற்று என்பது இந்தத் தொழிலில் வழக்கமான கணக்கு. ஒரு லட்சம் லிட்டர் தொட்டியை எடுத்துக்கொள்வோம். சென்னையில் ஓடும் தண்ணீர் லாரிகளில் எட்டுப் பத்தைக் கவிழ்த்தால் நிரம்பும் அளவு. அதற்கு நிமிடத்துக்கு 100 கன மீட்டர் காற்று. ஒரு பேட்ச் சுமார் 200 மணி நேரம் ஓடும் என்றால், முடிவதற்குள் அந்தத் தொட்டி வழியாக 12 லட்சம் கன மீட்டர், எடையில் 1,500 டன் அளவுக்குக் காற்று போயிருக்கும். உள்ளே இருக்கும் திரவமோ 100 டன். எடைக் கணக்கில் பார்த்தால் இந்த ஆலையின் முதல் கச்சாப்பொருள் சர்க்கரை அல்ல, காற்று. அது வெளியே சும்மா கிடைக்கிறது என்பதால் கணக்குப் புத்தகத்தில் அதற்கென ஒரு வரி எழுதும் பழக்கம் வரவில்லை.

சும்மா கிடைக்கும் காற்று தொட்டிக்குள் போகும் தகுதியைப் பெறுவதற்குள் படும் பாட்டைப் பார்க்க வேண்டும். பல மீட்டர் உயரத்துக்கு நிற்கும் திரவத்தின் அடியில் புகுந்து வர வேண்டும் என்பதால் அதை மூன்று மடங்கு அழுத்தத்துக்குக் கம்ப்ரசர் நெருக்குகிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பின் அடிப்பகுதி சுடுவது எல்லோருக்கும் தெரியும். இங்கே அதே சூடு 170 டிகிரியைத் தொடும். அந்தக் காற்றைக் கூலிங் டவர் தண்ணீரால் 35 டிகிரிக்கு இறக்கும்போது கூலரின் அடியில் தண்ணீர் கொட்டத் தொடங்குகிறது. வெளியே 35 டிகிரி வெயிலும் 70 சதவீத ஈரப்பதமுமாகப் புழுங்கும் ஒரு கடலோர நாளில், நாம் எடுத்துக்கொண்ட ஒற்றைத் தொட்டிக்கான காற்றிலிருந்து மட்டும் மணிக்கு 100 லிட்டர் தண்ணீர் இந்த முதல் கூலரில் பிரிகிறது. சில்லர் என்னும் குளிரூட்டும் எந்திரத்தின் தண்ணீரைக் கொண்டு 20 டிகிரிக்கு இறக்கினால் இன்னொரு 50 லிட்டர். இந்தத் தண்ணீரைப் பிரித்து வடித்த பிறகு காற்றை மறுபடியும் 30 டிகிரிக்கு மேல் லேசாகச் சூடாக்குகிறார்கள். இறக்கிய சூட்டை ஏன் ஏற்ற வேண்டும்? 20 டிகிரியில் ஈரம் நிறைந்து நிற்கும் காற்று, குழாயில் எங்காவது சற்றே குளிர்ந்த இடத்தைத் தொட்டாலும் வியர்த்துவிடும். அந்த வியர்வை அடுத்து இருக்கும் கிருமிநீக்க ஃபில்டரை நனைக்கும். சூடாக்கினால் காற்றில் உள்ள ஈரம் அதேதான் என்றாலும் வியர்க்கும் நிலையிலிருந்து விலகி நிற்கும். ஆலையின் வெற்றியும் தோல்வியும் அந்த ஃபில்டர் நனைகிறதா இல்லையா என்பதில் இருக்கிறது என்று சொன்னால் மிகையாகாது.

நவீன ஃபில்டர்கள் தண்ணீரை ஒட்டவிடாத டெஃப்லான் வகைச் சவ்வால் ஆனவை, கண்ணாடிப் பஞ்சு அடைத்த காலத்துப் பயம் இன்று எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. சவ்வு தண்ணீரை ஒட்டவிடாது என்பது உண்மைதான். ஆனால் கம்ப்ரசரிலிருந்து துளி எண்ணெய் சேர்ந்து வந்தால் அந்தக் குணம் மங்குகிறது. ஈரம் படிந்தால் ஃபில்டரைத் தாண்டக் காற்றுக்கு அதிக அழுத்தம் தேவைப்பட்டு, கம்ப்ரசர் கூடுதலாக உழைக்கிறது. அதற்கும் மேலாக, ஃபில்டருக்கு முன்னால் உள்ள குழாயின் தாழ்வான வளைவில் தேங்கும் ஒரு குவளைத் தண்ணீர் போதும், பாக்டீரியா குடித்தனம் நடத்த. பெனிசிலினையே உடைத்துத் தின்னும் பெனிசிலினேஸ் நொதியைச் சுரக்கும் ஓர் இனம் உள்ளே நுழைந்துவிட்டால், எட்டு நாள் உழைப்பும் ஒரு லட்சம் லிட்டரும் கழிவுநீர்த் தொட்டிக்குத்தான் போகும். அடைக்காமல் திறந்து மூடும் ஒரு வடிகால் வால்வு சில ஆயிரம் ரூபாய். அதைக் கவனிக்காமல் விட்டதால் போகும் பேட்ச் பல லட்சம். விலை குறைந்த பொருளுக்கு மரியாதையும் குறைவு என்பது நம் ஆலைகளின் பழைய நோய்.

உலர்த்திய காற்றுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. ஈரம் குறைவாக உள்ளே போகும் காற்று, 25 டிகிரி திரவத்தின் வழியாகக் குமிழ் குமிழாக ஏறி வெளியேறும்போது ஈரத்தை அள்ளிக்கொண்டு போகிறது. நம் கணக்குத் தொட்டியில் இது மணிக்கு 65 லிட்டர் அளவு. ஒரு பேட்சுக்கு 13,000 லிட்டர், ஒரு தண்ணீர் லாரிக்கு மேல். கவனிக்காவிட்டால் உப்பும் சர்க்கரையும் இறுகி, பூஞ்சையின் போக்கே மாறும். இதனால்தான் ஃபில்டரைத் தாண்டிய பிறகு சுத்தமான நீராவி கலந்து காற்றை மறுபடி ஈரப்படுத்தும் முறை வந்தது. முதலில் உலர்த்து, பிறகு நனை! கேட்பதற்கு வேடிக்கையாக இருந்தாலும் இரண்டுக்கும் இடம் வேறு, காரணம் வேறு. இந்த இடத்தில், ஈரப்படுத்தத் தேவையில்லை என்னும் எதிர்த்தரப்பு சொல்வதில் நியாயம் உண்டு. பெனிசிலின் போன்ற நீண்ட பேட்ச்சில் சர்க்கரைக் கரைசல், அம்மோனியா, ஃபீனைல் அசிட்டிக் அமிலம் என்று நாள் முழுதும் ஏதாவது ஒன்று திரவமாகச் சேர்ந்துகொண்டே இருக்கிறது. ஆவியாகும் தண்ணீரை அது ஈடுகட்டிவிடும். பெரிய தொட்டிகளில் நீராவி கலந்து ஈரப்படுத்துவது பெரும்பாலும் வீண்செலவு என்றே நானும் நினைக்கிறேன். ஆவியாதல் தொட்டியை இலவசமாகக் குளிர்விக்கிறதே என்று சிலர் வாதிடுவது மட்டும் கணக்குக்கு நிற்காது. மூச்சுவிடும் பூஞ்சையின் சூடும், திரவத்தைக் கலக்கும் துடுப்பு சுழலும் சூடும் சேர்ந்து அந்தத் தொட்டியில் 700 கிலோவாட் அளவுக்கு வெப்பம் உண்டாகும். வீட்டு ஒன்றரை டன் ஏசி 130-ஐ ஒரே நேரத்தில் ஓடவிட்டால்தான் அதை இறக்க முடியும். ஆவியாதல் தாங்குவது அதில் நூற்றுக்கு ஆறு பங்கு.

ஈரப்படுத்துவதில் சமரசமே கூடாத இடம் வேறொன்று இருக்கிறது. ஜப்பானியர்கள் சோயா சாஸுக்குக் கோஜி வளர்ப்பது போல, நனைத்த தவிட்டிலோ தானியத்திலோ பூஞ்சையைப் படுக்கையாக வளர்த்து நொதிகளை எடுக்கும் முறையில், சூட்டை இறக்கக் குளிர்நீர்ச் சுருளைப் படுக்கைக்குள் விட முடியாது. அடியிலிருந்து ஊதும் காற்றே குளிரும் கொடுக்க வேண்டும், ஈரமும் காக்க வேண்டும். ஏறக்குறைய நிறை ஈரத்தோடு காற்றை அனுப்பினாலும் படுக்கையில் அது சூடேறும்போது ஈரத்தை இழுக்கும். வறண்ட காற்றை விட்டால் ஒரே இரவில் தவிடு பொரியாகிவிடும்.

இனி மின்சாரம். நம் தொட்டிக்குக் காற்றை நெருக்கும் கம்ப்ரசர் சுமார் 300 கிலோவாட், துடுப்பு 200, சில்லர் 150. இந்த மூன்றுக்கு மட்டும் 200 மணி நேரத்தில் 1,30,000 யூனிட். யூனிட்டுக்கு 7 ரூபாய் வைத்தாலும் பேட்சுக்கு 9 லட்சம் ரூபாய். அதில் ஏறக்குறைய பாதி காற்றுக்கு. இது தோராயக் கணக்குதான், ஆலைக்கு ஆலை மாறும். ஆனால் எந்த ஆலையிலும் இந்த மூன்றின் வரிசை பெரிதாக மாறாது. இங்கேதான் ஊரின் தட்பவெப்பம் உள்ளே வருகிறது. கம்ப்ரசர் இழுக்கும் காற்று 4 டிகிரி கூடினால் மின்செலவு 1 சதவீதம் கூடும் என்பது ஆற்றல் தணிக்கையாளர்களின் பாலபாடம். அதைவிடப் பெரியது கூலிங் டவரின் எல்லை. மண்பானைத் தண்ணீர் திருச்சியின் கோடையில் ஜில்லென்று இருக்கும், கடலோரப் புழுக்கத்தில் அவ்வளவு குளிராது. காற்றில் ஏற்கெனவே ஈரம் இருந்தால் பானை கசிந்து ஆவியாக இடமில்லை. கூலிங் டவர் என்பது பெரிய மண்பானை. ஆவியாதலால் எட்டக்கூடிய கடைசிக் குளிரான ஈரக்குமிழ் வெப்பநிலை 27, 28 டிகிரி என்று நிற்கும் கடலோரத்தில் அதிலிருந்து 31, 32 டிகிரிக்குக் கீழே தண்ணீர் வராது. அதைக் கொண்டு 25 டிகிரியில் வாழும் பெனிசிலின் பூஞ்சையைக் குளிர்விக்க எந்த மந்திரத்தாலும் முடியாது. ஆண்டில் 365 நாளும் சில்லர் ஓட வேண்டும். சீனாவின் நொதித்தல் ஆலைகளில் பெரும்பகுதி ஹெபெய், உள் மங்கோலியா, சின்ஜியாங் என்று வடக்கில் இருக்கிறது. சோளமும் நிலக்கரியும் அங்கே மலிவு என்பது எல்லோரும் சொல்வது. குளிர்காலத்தில் உறைநிலைக்கும் கீழே போகும் வறண்ட காற்றும் பல மாதங்களுக்கு அங்கே இலவசம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சீனாவின் பலம் பேரளவும் அரசு ஆதரவும்தான், காற்றைப் பற்றிப் பேசுவது யானையை விட்டுக் கொசுவைப் பிடிப்பது என்பது நான் எதிர்பார்க்கும் பெரிய மறுப்பு. பேரளவின் வலிமையை நான் மறுக்கவில்லை. ஆனால் பேரளவு என்றால் நடைமுறையில் என்ன? பத்துச் சிறு கம்ப்ரசருக்குப் பதில் ஒரு பெரிய மையவிலக்குக் கம்ப்ரசர், பல சில்லர்களுக்குப் பதில் திறன் கூடிய ஒரு குளிர்நீர் நிலையம், வீணாகும் சூட்டைத் திரும்பப் பிடிக்கும் குழாய் அமைப்பு. ஒரு கிலோவுக்கான செலவு இறங்குவதில் கணிசமான பங்கு இந்த இடங்களில்தான் நடக்கிறது. விலைப்போரில் சர்க்கரை விலையை நாம் தனியாக இறக்க முடியாது, அது கரும்பு அரசியல். நிலக்கரி விலை நம் கையில் இல்லை. காற்றுக்கும் குளிருக்கும் ஆகும் யூனிட்டைக் குறைப்பது மட்டும் ஆலையின் மதிலுக்குள்ளேயே செய்யக்கூடியது. உதாரணமாக, கம்ப்ரசர் தின்னும் 300 கிலோவாட்டும் கடைசியில் கூலரில் வெந்நீராகத்தான் வந்து சேர்கிறது. தண்ணீர் வடித்த காற்றை மறுபடி சூடாக்க வேண்டியது 25 கிலோவாட் சுற்றளவுதான். மீதியில் பாய்லருக்குப் போகும் தண்ணீரைச் சூடாக்கலாம். இதைச் செய்யாத ஆலை, சூட்டைத் தூக்கி எறிய ஒரு விசிறிக்கும், அதே அளவு சூட்டை வேறிடத்தில் உண்டாக்க எரிபொருளுக்கும் சேர்த்துப் பணம் கட்டுகிறது.

அப்படியானால் ஆலைகளை எல்லாம் மேட்டுநிலத்துக்குக் கொண்டுபோய்விடலாமா? ஓசூரோ பெங்களூரோ போல 900 மீட்டர் உயரத்தில் வெப்பம் இதமாக இருக்கும். நொதித் தொழில் பெங்களூரில் வேர்விட்டதும் தெரிந்ததே. ஆனால் உயரம் போனால் காற்று மெலிகிறது. அதே அழுத்தத்துக்கு நெருக்கக் கம்ப்ரசர் 7 சதவீதம் வரை கூடுதலாக உழைக்கும். சில்லரில் மிச்சம், கம்ப்ரசரில் செலவு. எந்த உயிரி என்பதைப் பார்த்தே இந்தக் கணக்கைத் தீர்க்க முடியும். 37 டிகிரியில் வளரும் பாக்டீரியாவைக் கடலோரக் கூலிங் டவர் தண்ணீரே குளிர்வித்துவிடும். அதற்கு மேட்டுநிலம் தேவையில்லை. 25 டிகிரி கேட்கும் பூஞ்சைக்கு ஈரக்குமிழ் வெப்பநிலை குறைந்த ஊர் ஆண்டு முழுதும் கைகொடுக்கும். மருந்துப் பூங்காவுக்கு இடம் தேடும்போது நிலவிலை, துறைமுகம், கழிவுநீர் வழி ஆகியவற்றோடு இந்த ஓர் எண்ணையும் ஒரு பத்தியில் எழுதிவைத்தால் போதும். வானிலைத் துறையிடம் பல பத்தாண்டுப் பதிவுகள் கிடக்கின்றன, செலவில்லை.

மின்சாரம் ஒரு கணம் தடைபட்டாலும் பூஞ்சை திணறத் தொடங்கும், தொட்டியின் உள்ளழுத்தம் இறங்கினால் வெளிக்கிருமிக்கு வழி திறக்கும் என்பதால் இந்த ஆலைகளுக்குத் தடையில்லா மின்சாரம் சலுகை அல்ல, அடிப்படை. அரசு அதைக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு ஒன்றைக் கேட்டுப் பெறலாம். அடுத்த சுற்று ஊக்கத்தொகையில் ஒரு பகுதியையாவது விற்பனை ரூபாயோடு கட்டாமல், கிலோவுக்கான யூனிட் ஆண்டுக்கு ஆண்டு இறங்குவதோடு கட்ட வேண்டும். ஆலைக்காரர்கள் எண்ணைத் திரித்துக் காட்டுவார்கள் என்ற அச்சம் நியாயமானதே. கம்ப்ரசருக்கும் சில்லருக்கும் தனி மீட்டர் வைக்கச் சொன்னால் திரிப்பது கடினம். பாலிடெக்னிக்குகளில் குளிர்சாதனப் பிரிவில் படித்து வருபவர்களுக்கு வீட்டு ஏசியோடு நிறுத்தாமல் கிருமிநீக்கக் காற்றமைப்பையும் சேர்த்துக் கற்பிக்கலாம். இன்று பல ஆலைகளில் இந்தப் பிரிவு "யுடிலிட்டி" என்ற பெயரில் பின்கட்டில் இருக்கிறது. நுண்ணுயிரியல் பட்டதாரிகள் எட்டிப் பார்ப்பதில்லை, பேட்ச் கெட்டால் மட்டும் அங்கே கூட்டம் கூடும்.

ஆய்வுக்குப் போகிறவர் பார்க்க வேண்டிய இடமும் அதே பின்கட்டுதான். அந்த இரண்டு கூலர்களின் வடிகாலிலிருந்து புழுக்கமான நாளில் ஒரு தொட்டிக் காற்றுக்கு மட்டும் 3,600 லிட்டர் தண்ணீர் வருகிறது. எண்ணெய் படாத கம்ப்ரசராக இருந்தால் உப்பே இல்லாத தண்ணீர். கூலிங் டவரில் குறையும் தண்ணீரை ஈடுகட்ட ஏற்றது. அந்தக் குழாய் டவரை நோக்கிப் போகிறதா, பக்கத்துச் சாக்கடையில் விடப்பட்டிருக்கிறதா என்று குனிந்து பார்த்தாலே அந்த ஆலை காற்றை எப்படி நடத்துகிறது என்பது தெரிந்துவிடும்.